காலடி மண்

ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். "ரெண்டு பிள்ளைக. விருதுநகர்ல எங்க அண்ணன் வீட்ல இருந்து படிக்குதுக" என்று வந்த அன்றைக்கே சொல்லியிருந்தால், அந்த ஊரில் நான் நிம்மதியாக வேலை பார்த்திருப்பேன். எனக்கு முன்னால் அங்கே இருந்த நர்ஸ் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாளாம். கெட்டிக்காரி. எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பஸ்ஸை விட்டு இறங்கி டிரங்குப் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் ஒருத்தி வந்து, "நர்சம்மாவுக்கு எத்தனை பிள்ளைக?" என்றாள். இல்லை என்றேன். "தங்கலையா?" என்றாள். "உண்டாகவே இல்லை" என்றேன். அவள் இடுப்பில் ஒரு பிள்ளை இருந்தது. அதை மெதுவாக அந்தப் பக்கத்து இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அது 1959, தை மாதம். விஸ்வநத்தத்துக்கு மேற்கே இரண்டு மைல் தள்ளிய கரிசல்காட்டு ஊர். தாய் சேய் நல நிலையம் என்று பலகை மாட்டிய ஒரு கட்டடம், அதில் ஒரு அறை, பின்னால் ஒரு கிணறு, இவற்றோடு நான் ஒருத்தி. ஊரில் பிள்ளை பெற்றவர்களுக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. தண்ணீரைக் காய்ச்சிக் கொடு, நகத்தை வெட்டு, ஈ மொய்த்ததைக் கொடுக்காதே, வயிற்றால் போனால் பட்டினி போடாதே, கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடு. பெறாதவள் பெற்றவளுக்குச் சொல்ல வேண்டும். கேட்பவர்கள் தலையை ஆட்டுவார்கள். அந்த ஆட்டலில் ஒரு சிரிப்பும் இருக்கும்.

என் கதை பெரிய கதையில்லை. வெள்ளைத்துரை என்று ஒரு மளிகை வியாபாரிக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அவர் ஏழு வருஷம் பார்த்தார். பிறகு சாத்தூரில் ஒரு பெண்ணைப் பார்த்தார். இப்போது நாலு பிள்ளைகள் என்று கேள்வி, நன்றாக இருக்கட்டும். என் அப்பா என்னை மதுரைக்கு அனுப்பி இந்தப் படிப்பைப் படிக்க வைத்தார். அவர் போன பிறகு அண்ணன்மார் வீட்டில் காதுகுத்து நடந்தால் எனக்குக் கடிதம் வரும், விசேஷம் முடிந்த பிறகு.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பிள்ளை சாப்பிடும்போது அயலார் யாரும் பார்க்கக்கூடாது. அதிலும் பிள்ளையில்லாதவள் பார்த்தால் அந்தச் சோறு உடம்பில் ஒட்டாது. அதனால் நான் ஒரு தெருவுக்குள் போனால் முனையிலேயே நின்று, "நர்சம்மா வந்திருக்கேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. ஒரு தடவை குரல் கொடுக்காமல் போய், நாலு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். பிறகு எனக்கே புத்தி வந்தது. நான் குரல் கொடுத்ததும் தட்டுகள் உள்ளே போகும், பிள்ளைகளின் வாய் துடைக்கப்படும். என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்க வேண்டியது என் வேலை. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் எனக்குக் காட்டினார்கள்.

எடை பார்ப்பது அதைவிடப் பெரிய பாடு. நிலையத்தில் பிள்ளைகளைத் தொட்டியில் உட்கார வைத்துத் தொங்கவிடும் தராசு ஒன்று இருந்தது. அதைக் கண்டாலே தாய்மார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். காரணம் இருந்தது. எனக்கு முந்தைய நர்ஸ் அந்த ஊரில் குழந்தைகள் போட்டி ஒன்று நடத்தியிருந்தாள். மேடை, ஒலிபெருக்கி எல்லாம் வைத்து. எல்லாப் பிள்ளைகளையும் அந்தத் தராசில் நிறுத்து, வீரலட்சுமி என்பவளின் தலைப்பிள்ளை வேலுச்சாமிதான் முதல் என்று எடையோடு ஊருக்கே கேட்கும்படி சொன்னார்கள். ஒரு சோப்புப் பெட்டியும் ஒரு பாட்டில் மீன் எண்ணெயும் பரிசு. மூன்று மாதத்தில் அந்தப் பிள்ளை பேதியில் போய்விட்டது. அத்தோடு தராசு துருப்பிடித்தது.

நான் வேறு வழி கண்டுபிடித்தேன். ஊர்க் கோடியில் பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்று உண்டு. அங்கே மூட்டை நிறுக்கும் பெரிய மேடைத் தராசு, அதை நிறுக்க கோட்டைச்சாமி என்று ஒரு பெரியவர். அவருக்குப் பேச்சு ரொம்பக் குறைவு. புதன்கிழமை காலையில் பால் பவுடர் அங்கே வைத்துக் கொடுக்கப்படும், தாய்மாருக்குச் சத்துக் குறைவா என்று எடை பார்த்துத்தான் கொடுப்போம் என்று சொல்லிவிட்டேன். தாய் எடைக்கு யாரும் பயப்படவில்லை. இடுப்பில் பிள்ளையோடு ஏறி நிற்பாள். கோட்டைச்சாமி எடையை ராத்தல் கணக்கில் சொல்வார். "கைப்பாரத்தை இறக்கிட்டு இன்னொருக்க ஏறும்மா" என்பேன். பிள்ளையைப் பக்கத்துக்காரியிடம் கொடுத்துவிட்டு ஏறுவாள். அதையும் சொல்வார். நான் மனதுக்குள் கழித்து நோட்டில் குறித்துக்கொள்வேன். பிள்ளையை நான் தொடவும் இல்லை, எடை இவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லவும் இல்லை.

இது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். அவர்களுக்குக் கழிக்கத் தெரியாதா என்ன. ஆனால் வாயைத் திறந்து பிள்ளை என்று சொல்லாதவரைக்கும் அது தாயின் சமாச்சாரம்தான். பிள்ளை தேறியிருந்தால் தாயைப் பார்த்து, "நல்லாத் தேறிட்டியே" என்பேன். குறைந்திருந்தால், "என்ன தாயி, எளைச்சுப் போயிட்ட. பசி எடுக்கலையா" என்பேன். அவள் தன்னைச் சொல்வது போலவே பிள்ளையைப் பற்றிச் சொல்வாள். "ஆமா நர்சம்மா, ராத்திரி ரெண்டு தடவை கக்கிட்டேன்." வெளியூர் ஆள் யாராவது அந்தப் பக்கம் வந்து இந்தப் பேச்சைக் கேட்டால் எங்கள் எல்லோருக்கும் பைத்தியம் என்றுதான் நினைப்பார். கோட்டைச்சாமி மட்டும் சிரிக்கவே மாட்டார்.

வீரலட்சுமி அந்தப் புதன்கிழமைகளில் கடைசியாக வருவாள். இருபத்து மூன்று வயசு இருக்கும். புருஷன் சோலைமலைக்கு மானாவாரிக் கரிசல் நிலம் ஏழு குறுக்கம் உண்டு, வெள்ளாமை பார்க்கும் கௌரவமான சம்சாரி வீடு. இரண்டு வருஷம் மழை பொய்த்ததில் அவளும் மற்ற பெண்களைப் போலத் தீப்பெட்டி ஒட்ட உட்கார்ந்துவிட்டாள். சிவகாசியிலிருந்து மரச்சில்லும் நீலக் காகிதமும் மூட்டையாக வந்து இறங்கும், வீட்டிலேயே ஒட்டிக் கொடுக்க வேண்டும். அவளுடைய இரண்டாவது பிள்ளை கருத்தப்பாண்டி. நான் வந்தபோது அவனுக்குப் பதிமூன்று மாதம். அவன் முகத்தை அப்போது நான் பார்த்தது கிடையாது. கிட்டங்கிக்கு வரும்போது முந்தானையைப் போட்டு முழுசாக மூடிக்கொண்டு வருவாள். முந்தானைக்குள் அவன் மொத்தமும் அடங்கிவிடுவான். கால் விரல்கூட வெளியே தெரியாது.

முதல் தடவை பதினேழரை ராத்தல். மாசியில் பதினேழு. பங்குனியில் பதினாறு.

"எளைச்சுக்கிட்டே போறியே வீரலட்சுமி."

"வயிறு சரியில்ல நர்சம்மா. பச்சை பச்சையாக் கக்குது."

மாந்தம் என்று அவள் உரைமருந்து கொடுத்தாள். சிவகாசி டாக்டரிடம் தூக்கிப் போனார்கள், ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். நான் என் பங்குக்குத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டேன். மதுரையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அதுதான், பிள்ளைக்கு வயிறு கெட்டால் தண்ணீரைப் பார். "காய்ச்சுறியா, இல்லையா? பொய் சொல்லாதே" என்று தெருவில் வைத்து அவளைச் சத்தம் போட்டேன். எனக்கு முன்கோபம் உண்டு. அவள் விறகு வாங்கி, பகலெல்லாம் தண்ணீர் காய்ச்சினாள். பிள்ளை இன்னும் அரை ராத்தல் குறைந்தது. பச்சையாகக் கக்குவதைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. பித்தம் கக்கினால் பச்சையாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இதை இப்போது எழுதும்போதும் எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

சித்திரையில் அவள் காரியாபட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போனாள். ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள். புதன்கிழமை கழித்துப் பார்த்தால் பதினெட்டு. எனக்கு நம்பிக்கை வரவில்லை, கோட்டைச்சாமியை இரண்டாம் தடவை நிறுக்கச் சொன்னேன். பதினெட்டுதான்.

"நல்லாத் தேறிட்டியே" என்றேன்.

"அங்கன தண்ணி நல்ல தண்ணி" என்றாள் அவள். முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் ஓட்டினேன். தனியாக இருந்தவளுக்கு அது போதும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அந்தக் கட்டடத்துக்கு யாரும் வரமாட்டார்கள். ஒரு ஆளுக்குச் சோறு பொங்கி, ஒரு தட்டைக் கழுவி வைப்பேன். பேச ஆளில்லாமல் கிணற்று உருளையோடு பேசியிருக்கிறேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை.

மூன்று வாரத்தில் பிள்ளை பழையபடி பதினாறுக்கு வந்துவிட்டது. ஆடி பிறந்தபோது பதினைந்து. அவனுக்கு அப்போது ஒன்றரை வயசு நடந்தது, நிற்கக்கூட மாட்டான். ஆடி இரண்டாவது புதன்கிழமை வீரலட்சுமி கிட்டங்கிக்கு வரவே இல்லை. ராத்தல் பதினாலுக்குக் கீழே போனால் அந்தப் பிள்ளை பிழைக்காது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும். இது இரண்டாவது பிள்ளை.

மத்தியானம் அவள் வீட்டுக்கு நடந்தேன். தெருமுனையில் நான் குரல் கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று பிற்பாடு சொன்னேன். மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு முற்றத்துக்குள் போனேன். உள்ளே ஒரு மூலையில் ஒட்டிய பெட்டிகளைத் தட்டி தட்டியாக மறைப்பு மாதிரி அடுக்கியிருந்தாள். யார் கண்ணும் படக்கூடாது என்று அந்த மறைப்புக்குப் பின்னால்தான் அவள் பிள்ளைக்குச் சோறு கொடுப்பது. வேலையும் அங்கேயே, சோறும் அங்கேயே. நான் எட்டிப் பார்த்தேன்.

அவள் குனிந்த தலை நிமிராமல் ஒட்டிக்கொண்டிருந்தாள். நடுவிரலால் பசையைத் தொடுவாள், சில்லில் இழுப்பாள், காகிதத்தை மடிப்பாள். இடையிடையே அதே கையால் பக்கத்துக் கும்பாவிலிருந்து ஒரு வாய் கஞ்சிச்சோறு எடுத்துப் பிள்ளைக்கு ஊட்டுவாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டால் விட்டுவிட்டு ஒட்டுவாள். அவள் திரும்பாதபோது கருத்தப்பாண்டி பசைச் சட்டிக்குள் கையை விட்டு நக்கிக்கொண்டிருந்தான். மைதாப் பசைதான், கஞ்சி மாதிரி இருந்திருக்கும் அவனுக்கு. மற்ற வீட்டுப் பசை வெள்ளையாக இருக்கும். அது நீலம் ஓடிக் கிடந்தது. பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் எல்லோரும் துளி மயில்துத்தம் போடுவார்கள். இவள் கை நிறையப் போட்டிருக்கிறாள்.

நான் உள்ளே போய் அவன் வாய்க்குள் விரலை விட்டு வழித்து எடுத்தேன். அதுதான் நான் அவனைத் தொட்ட முதல் தடவை. வாய் சூடாக இருந்தது. பல் ஆறு இருந்தது. என் விரலைக் கடித்தான், கடிக்கக்கூடத் தெம்பில்லை.

வீரலட்சுமி கத்தவில்லை. பிள்ளையை வெடுக்கென்று இழுத்து முந்தானைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். முகம் வெளிறிப் போயிருந்தது.

"சாப்பிடும்போது வந்துட்டீகளே நர்சம்மா" என்றாள்.

"பசையைத் திங்கிறான், பார்த்தியா? அதுல என்ன போட்டிருக்க?"

"துத்தம். எங்க வீட்ல எலி ஜாஸ்தி."

"அது விஷம். அதான் பச்சையாக் கக்குறான். காரியாபட்டியில பசையில்ல, அங்க தேறினான். தண்ணியில்ல வீரலட்சுமி, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். பசைதான்."

அவள் நான் சொன்னதைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டாள், யோசித்தாள். பிறகு சொன்னாள். "ஊர்ல எல்லாப் பிள்ளையும் பசைக்குள்ளதானே கிடக்கு. நானும் தெனம் இந்தக் கையோடதான் சாப்பிடுறேன். எனக்கு ஒண்ணும் ஆகலையே. மூத்தவனை எடை போட்டாக, போயிட்டான். இவனை நீங்க வந்து ஆறு மாசமா எடை போடுறீக."

படித்த படிப்பெல்லாம் அந்த வீட்டில் ஒன்றுக்கும் ஆகாமல் நின்றது. அவள் அடுப்படிக்குப் போய் வத்தலும் கல்லுப்பும் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் முற்றத்துக்கு வந்து நின்றிருந்தேன். அவள் என் பக்கமாக வந்து, என் முகத்தைப் பார்க்காமல் குனிந்து, என் வலது காலுக்குப் பக்கத்தில் கையை வைத்தாள். யார் கண் பட்டதோ அவர்களுடைய காலடி மண்ணை எடுத்துச் சுற்றிப் போட்டால்தான் அந்தக் கண் கழியும். எனக்கும் தெரியும், விருதுநகரில் எங்கள் வீட்டிலும் எடுப்பார்கள். யாருடைய காலுக்குக் கீழே என்று அப்போது நான் யோசித்ததில்லை.

அவமானமாக இருந்தது. அழுகை வந்தது. அடுத்த நிமிஷம், அவள் இடுப்பில் முந்தானைக்குள் அவன் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. இவள் சுற்றிப் போடுவாள், அடுப்பில் போடுவாள், பிறகு உட்கார்ந்து ஒட்டுவாள், அதே கையால் ஊட்டுவாள். இவளுக்குத் துத்தத்தின் மேல் பயமில்லை. பயம் என் மேல்தான்.

நான் காலை எடுத்து அவளுக்கு வழிவிட்டேன்.

"எடுத்துக்க தாயி. நல்லா எடுத்துக்க" என்றேன். "ஆனா ஒண்ணு கேட்டுக்க. நான் வந்ததும் முதல்ல பார்த்தது உன் பிள்ளையை இல்ல. அந்தப் பசைச் சட்டியைத்தான். என் கண்ணு மொத்தமும் அதுலதான் இறங்கியிருக்கு."

அவள் மண்ணோடு நிமிர்ந்தாள்.

"உன்னைச் சொல்லல, என்னைத்தான் சொல்றேன். வயித்துல ஒண்ணு உண்டாகாதவ பார்த்த பசை அது. அது பட்ட கையால ஊட்டினா அந்தச் சோறு ஒட்டுமா? நீயே சொல்லு."

அவள் சட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதைக் கொட்டிரு. புதுசாக் காய்ச்சினாலும் இந்த வீட்டுப் பசை மேல என் கண்ணு இருக்கும். தலைக்கு மேல உறியில கட்டு, வேலை நேரம் மட்டும் இறக்கு. பிள்ளை இருக்கிற இடத்துல ஒட்டாதே. ஒட்டி எந்திரிச்சதும் சாம்பல் போட்டு முழங்கை வரைக்கும் கழுவு. கழுவாம அவனைத் தொடாதே."

"எம்புட்டு நாளைக்கு?" என்று கேட்டாள்.

"அவன் பள்ளிக்கூடம் போற வரைக்கும்."

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால் சட்டியை உடைக்கும் சத்தம் கேட்டது.

மறுநாள் சோலைமலை நிலையத்து வாசலுக்கு வந்தான். மரியாதைக்காரன், தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டான். "நர்சம்மா, கோவிச்சுக்கிடாதீக. எங்க தெருப்பக்கம் நீங்க இனிமே வர வேண்டாம்" என்றான்.

"வரலை" என்றேன். "உறி கட்டியாச்சா?"

"கட்டியாச்சு."

அவன் தெரு மட்டுமில்லை. ஒரு வாரத்தில் ஊரில் எல்லாப் பசைச் சட்டியும் உறிக்கு ஏறிவிட்டது. நர்சம்மா கண் பசையில் இறங்குகிறது என்று பேச்சு. ஒட்டி முடித்த பெண்கள் வாசலில் உட்கார்ந்து முழங்கை வரை சாம்பல் போட்டுத் தேய்ப்பதை நான் தூரத்திலிருந்து பார்த்தேன். ஆறு மாதமாகக் கையைக் கழுவு, கையைக் கழுவு என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன், ஒருத்தி கழுவியதில்லை. சிரிப்பு வந்தது. கூடவே, நான் போகும்போது ஒவ்வொரு கதவாகச் சாத்தும் சத்தமும் வந்தது. முன்பு பிள்ளை சாப்பிடும்போது மட்டும்தான் சாத்துவார்கள்.

புதன்கிழமை கிட்டங்கிக்கு நான் இருந்தால் வரமாட்டோம் என்றார்கள். என்ன செய்யலாம் என்று கோட்டைச்சாமியிடம் கேட்டேன். அவர் பருத்தி மூட்டை அடுக்குக்குப் பின்னால் ஒரு சாக்கை விரித்துப் போட்டார். அன்றிலிருந்து நான் அங்கேதான் உட்காருவேன். தாய்மார் வருவதற்கு முன்னால் போய்விட்டு, எல்லோரும் போன பிறகு எழுந்திருப்பேன். அவர் வழக்கத்தைவிடச் சத்தமாக ராத்தலைச் சொல்வார். முன்னதாக அந்தப் பெண்ணிடம், "யாரு, முருகம்மாளா, ஏறு" என்று பெயரையும் சொல்லிவிடுவார். நான் நோட்டில் எழுதிக் கழிப்பேன். யார் பிள்ளையாவது குறைந்திருந்தால் அவரிடம் சொல்லி அனுப்புவேன்.

"வீரலட்சுமியா, ஏறு. தொண்ணூத்தி ஒம்பது."

இறங்குகிற சத்தம். ஏறுகிற சத்தம்.

"எண்பத்தி நாலு."

பதினைந்து. அடுத்த வாரமும் பதினைந்து. குறையவில்லை. ஆவணி முடிவில் பதினாறு. அன்றைக்கு மூட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன், பருத்தித் தூசியில் தும்மல் வந்துவிடக்கூடாதே என்று பயந்துகொண்டே அழுதேன். கார்த்திகையில் பத்தொன்பது. அவன் நடக்கிறான் என்று கோட்டைச்சாமி ஒரு நாள் சொன்னார். அவர் தானாகச் சொன்னது அது ஒன்றுதான்.

அன்று எல்லோரும் போன பிறகு, என்ன தோன்றியதோ, நான் அந்தத் தராசில் ஏறி நின்றேன். "சொல்லுங்க" என்றேன். அவர் குண்டை நகர்த்திப் பார்த்துவிட்டு, "எழுபத்தி ஒம்பது" என்றார். நோட்டை எடுத்து எழுதினேன். அதற்குக் கீழே எழுத ஒன்றுமில்லை. இறங்கிக்கொண்டேன்.

மறு வருஷம் ஆனியில் எனக்கு மாற்றல் வந்தது. யாராவது மனுப் போட்டார்களா என்று தெரியாது, நான் கேட்கவுமில்லை. டிரங்குப் பெட்டியோடு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தேன். கோட்டைச்சாமி பெட்டியைத் தூக்கி வந்து வைத்துவிட்டு, தலையை அசைத்துவிட்டுப் போய்விட்டார்.

அங்கே வீரலட்சுமி நின்றிருந்தாள். காரியாபட்டிக்குப் போகிறாளாம். இடுப்பில் பிள்ளை, என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்து மூடினாள். மூடிப் பார்த்தாள், அது போதவில்லை. தலையை மூடினால் கால் தெரிந்தது. இரண்டு காலும் அவள் முழங்காலுக்குக் கிட்டத்தில் வந்து தொங்கின. தண்டை போட்ட கால்கள், கரிசல் புழுதி அப்பிய கால்கள், ஆடுசதை பிடித்துவிட்டது. இருபத்தி மூன்று ராத்தலுக்குக் குறையாது.

"நல்லாத் தேறிட்டியே" என்றேன் அவளைப் பார்த்து.

"ஆமா நர்சம்மா. இப்ப நல்லாப் பசிக்குது" என்றாள். பிறகு, "ராத்திரி நல்லாத் தூங்குறேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

தூரத்தில் பஸ்ஸின் புழுதி தெரிந்தது. அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். யாரும் பக்கத்தில் இல்லை. முந்தானையின் ஓரத்தைப் பிடித்தாள்.

"நீங்க ஊரை விட்டுப் போறீக" என்றாள். "ஒருக்கப் பார்த்துக்கோங்க."

துணி விலக ஆரம்பித்தது. ஒரு காதும் கொஞ்சம் தலைமுடியும் தெரிந்தன. ஒன்றரை வருஷம் நான் கழித்துக் கழித்து எழுதிய பிள்ளை. அவனுக்குப் பள்ளிக்கூடம் போக இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது. நான் கண் நிறையப் பார்த்து, அவனுக்கு ஒன்றும் ஆகாமல் போனால், என் கண்ணில் ஒன்றுமில்லை என்று இவளுக்குத் தெரிந்துபோகும். நாளைக்கே சட்டி தரைக்கு இறங்கிவிடும். ஊரெல்லாம் இறங்கிவிடும். இது எனக்கு நானே சொல்லிக்கொண்ட காரணம். இன்னொன்றும் இருந்தது. பார்த்து, ஒருவேளை ஏதாவது ஆகிவிட்டால் என்று எனக்கும் பயமாக இருந்தது. மதுரையில் இரண்டு வருஷம் படித்தவள் நான்.

"மூடிக்கோ தாயி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

பஸ் வந்து நின்றது. ஏறுவதற்கு ஆட்கள் நெருக்கினார்கள். வீரலட்சுமி எனக்குப் பின்னால்தான் நின்றாள். முந்தானைக்குள் அடைபட்டுக் கிடந்தவன் திமிறி ஒரு உதை விட்டான். அது என் முதுகில் விழுந்தது. நல்ல உதை, தண்டை எலும்பில் பட்டு வலித்தது. நான் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறினேன்.